சொல்லி வை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிரோடு வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஐந்து நாள் தேர்வு முகாமில் எங்களை ஓட விட்டார்கள், சுவர் ஏற விட்டார்கள், வட்டமாக உட்கார வைத்து வாதாட விட்டார்கள். வாதாடுவதில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். கயிற்றில்தான் மானம் போயிற்று. பாதி உயரத்தில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்த பெண் கீழே நின்றுகொண்டு, "கண்ணை மூடிக்கிட்டு ஏறு, உயரமே தெரியாது" என்றாள். அப்படித்தான் ஏறி முடித்தேன்.

நேர்முகத்தில் ஐந்து பேர். நடுவில் இருந்தவர், "வீட்ல யாராவது ராணுவத்துல இருக்காங்களா?" என்றார். "அண்ணன் லாரி ஓட்டறான் சார். ஒன்பது வருஷமாச்சு" என்றேன். "நீங்க அதிகாரியானா அவர் உங்களுக்கு சல்யூட் அடிக்கணுமே, ஒத்துக்குவாரா?" என்றார். "அடிச்சுட்டு, வீட்டுக்கு வந்ததும் தலையில குட்டுவான் சார்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று வழியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டே வந்தேன்.

ஆறு வாரத்தில் முடிவு சொல்வார்களாம். அகாடமியில் இடம் கிடைத்தால் பயிற்சி உதவித்தொகையும் கூடவே வரும். நாலு வருடப் படிப்பு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. ஆகஸ்டில் எனக்கு இருபத்தொன்று முடிகிறது, அடுத்த பேட்ச்சுக்கு வயது தாண்டிவிடும். எனக்கு இருப்பது இந்த ஒரு வாய்ப்புதான்.

அதுவரை பழையபடி ஜெராக்ஸ் கடை. அம்மா ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பழக்கத்தில் என்னிடமும் அதையே சொல்கிறாள்: "உட்காரு, கூப்பிடுவாங்க."

நீ இப்போதே சல்யூட் அடித்துப் பழகிக்கொள். உங்கள் மேஜரிடமும் என்னைப் பற்றிச் சொல்லி வை.

இப்படிக்கு,
ஒட்டடைக்குச்சி

*

ஜனவரி 25

ஒட்டடைக்குச்சிக்கு,

உன் கடிதத்தை லாரிக்குள் உட்கார்ந்து படித்தேன். மேல் முகாமுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகிற வேலை இப்போது. இறங்கி வந்து மறுபடியும் படித்தேன். எத்தனை தடவை என்று சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் சொல்லவில்லை.

நான் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டைவிட்ட பரீட்சை இது. மூன்றாவது தடவைக்குப் பிறகு இங்கே எனக்கு 'ஜெனரல்' என்று பேர் வைத்தார்கள். புதிதாக வருகிற பையன்களுக்கு அது ஏன் என்றுகூடத் தெரியாது, அவர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள். நீ நேர்முகம் வரைக்கும் போய்விட்டாய். இனிமேல் அவர்கள் என்ன வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

நீ சொன்னபடி மேஜரிடம் சொல்லி வைத்துவிட்டேன். நல்ல மனுஷன். "பார்க்கலாம்" என்றார்.

வேளைக்குச் சாப்பிடு. எடை குறைந்தால் மருத்துவச் சான்று செல்லாது, ஞாபகம் இருக்கட்டும். எனக்கு மார்ச்சில் பதவி உயர்வு, சட்டைக் கையில் இரண்டாவது பட்டை வரும் என்கிறார்கள். அதற்குப் பிறகு லீவு கேட்டுப் பார்க்கிறேன். இங்கே போன் பேச ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடம் தருகிறார்கள், பின்னாலேயே பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் எழுது.

ஜெனரல்

*

மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

எட்டு வாரம் ஆயிற்று. என்னோடு வந்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துவிட்டது. கயிற்றுக்குக் கீழே நின்றாளே, அந்தக் கட்டில்காரிக்கு இடம் கிடைத்துவிட்டது. என்னைவிட மெதுவாக ஓடுகிறவள். நன்றாக இருக்கட்டும். போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்து குளியலறையில் அழுதேன்.

என் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'நிலுவையில்' என்று வருகிறது. தேர்வு என்றும் இல்லை, நிராகரிப்பு என்றும் இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்து, "நிலுவைன்னா நிலுவைதாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "காரணம் சொல்றதில்லைங்க" என்றார்.

எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை அண்ணா. ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டாவது கடை திறக்கிறார், அதைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று தினமும் கேட்கிறார். வருகிறேன் என்றால் ஒரு வருடம் இருக்க வேண்டும். வரவில்லை என்றால் இருக்கிற வேலைக்கும் ஆள் பார்ப்பார். கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்றால், வேறு எங்கும் சேரவில்லை என்று அகாடமிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். அதுவரைக்கும் என்னால் ஒரு வாய் தண்ணீர்கூட நிம்மதியாகக் குடிக்க முடிவதில்லை. கீழே பேட்டரிக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே "இன்னைக்கும் இல்லையா?" என்கிறார்.

காலையில் மொட்டைமாடியில் ஓடுகிறேன். நீளவாக்கில் பதினேழு அடி. பதினேழு அடி ஓடினால் சுவர், திரும்பினால் மறுபடி சுவர். அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. "உட்காரு, கூப்பிடுவாங்க" என்கிறாள். இனிமேல் அந்த வார்த்தையைச் சொன்னால் நான் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று நேற்றுச் சொன்னேன். "எங்க போவே?" என்று கேட்டாள்.

நீ அங்கேயே இருக்கிறாய். 'நிலுவை' என்றால் என்ன அர்த்தம் என்று விசாரித்துச் சொல்.

ஒட்டடைக்குச்சி

*

மார்ச் 22

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. இங்கே குளிர் குறைந்துவிட்டது. நான் இப்போது லாரி ஓட்டுவதில்லை, தற்காலிகமாகக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். பூட்ஸ் கிடங்கு. வேலை ஒன்றும் கஷ்டமில்லை.

நிலுவை என்றால் பல காரணம் இருக்கும். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. முட்டை சாப்பிடுகிறாயா?

ஒரு விஷயம். அவர்களிடமிருந்து ஏதாவது கடிதம் வந்தால், பதில் போடுவதற்கு முன்னால் எனக்கு எழுது. மறந்துவிடாதே. இன்னொன்று, என்னுடைய பழைய கடிதங்களை வைத்திருந்தால் கிழித்துப் போடு. சும்மாதான் சொல்கிறேன். வீட்டில் குப்பை சேருகிறது என்று அம்மா திட்டுவாள் இல்லையா, அதற்காக.

அம்மாவிடம் கிடங்கு விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

அண்ணன்

*

ஏப்ரல் 5

அண்ணாவுக்கு,

அம்மா எந்தக் காலத்தில் குப்பை என்று திட்டியிருக்கிறாள்? மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூட எடுத்து வைக்கிறவள் அவள். உனக்குப் பொய் சொல்ல வராது, ஏன் முயற்சி பண்ணுகிறாய்?

கடிதம் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன், படி: "தங்கள் விண்ணப்பம் தொடர்பாக, பணியிலுள்ள அதிகாரி ஒருவரிடமிருந்து இக்குழுவுக்குப் பரிந்துரைக் குறிப்பு வரப்பெற்றுள்ளது. விண்ணப்பப் படிவம் பக்கம் ஏழின்படி, விண்ணப்பதாரர் கோரிப் பெறும் எவ்வகைப் பரிந்துரையும் தகுதி நீக்கத்துக்கு உரியது. மேற்படி குறிப்பு தங்கள் வேண்டுகோளின்பேரில் அனுப்பப்பட்டதா? ஆம் / இல்லை. ஏப்ரல் 30-க்குள் கையொப்பமிட்டு அனுப்புக."

என்ன செய்து வைத்திருக்கிறாய் அண்ணா?

உங்கள் மேஜரிடம் நீ என்ன சொன்னாய்? ஜனவரியில் நான் எழுதியதை வைத்துக்கொண்டா போய் நின்றாய்? 'சொல்லி வை' என்று நான் எழுதியது, உன் தங்கை அதிகாரியாக வரப்போகிறாள், இப்போதே அவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று பீற்றிக்கொள்வதற்கு. அதற்கு முந்தைய வரியில் சல்யூட் பழகு என்று எழுதியிருக்கிறேன். கிண்டல் அது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். நீ அதைச் சிபாரிசு என்று எடுத்துக்கொண்டாயா?

ஏழாம் பக்கத்தை நான் படிக்கவில்லை, அது என் தப்பு. எங்கள் கடையில் அதே படிவத்தை நானே நாற்பது பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். ஆனால் நான் கயிற்றில் ஏறினேன், ஓடினேன், ஐந்து பேருக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னேன். எல்லாம் என் கையால் செய்தது. இப்போது அந்தக் குழுவுக்கு நான் யார்? ஆள் வைத்துக் காரியம் சாதிக்கப் பார்த்தவள்.

உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடவே பிடிக்கவில்லை.

*

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

திட்டு. நான் வாங்கிக்கொள்கிறேன். நடந்ததை மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு காலையில் மேஜர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்பது வருடத்தில் எனக்காக அவரிடம் எதுவும் கேட்டதில்லை. லீவுகூட வரிசைப்படிதான். "என் தங்கச்சி நேர்முகம் வரைக்கும் வந்துட்டா சார். கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றேன். பதிவு எண் கேட்டார். நீ விண்ணப்பம் போட்டபோது எழுதியிருந்த கடிதத்தைப் பார்த்துச் சொன்னேன். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் அந்தக் குழுவில் இருக்கிறார். அவருக்கு நாலு வரி எழுதியிருக்கிறார். வாங்கியவர் அதைக் கொண்டுபோய்க் கோப்பில் வைத்துவிட்டார். உன் நேர்முகத்தில் சிரிக்காமல் குறித்துக்கொண்டாரே ஒருவர், அவராகத்தான் இருக்கும்.

மேஜரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடம் லாரி சாவியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது பட்டை இனி ஐந்து வருடத்துக்குக் கிடையாது. ஒப்பந்தம் முடிய ஆறு வருடம் இருப்பதால் விட்டுவிட்டும் வர முடியாது. கிடங்குக்கு ஜன்னல் இல்லை. கூரை வரைக்கும் பூட்ஸ். வலை போட்ட ஒரு பல்பு. அவ்வளவுதான், பழகிவிட்டது.

கிண்டல் என்கிறாய். எனக்கு எப்படி அது கிண்டலாகத் தோன்றும்? நம் வீட்டில் 'சொல்லி வை' என்றால் என்ன? வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துத்தான் அந்த மாடி கிடைத்தது. டாக்டரிடம் அம்மா சொல்லி வைத்துத்தான் உன் காலுக்கு அன்றைக்கே கட்டுப் போட்டார்கள். உன் ஜெராக்ஸ் கடை வேலை, நான் லீவில் வந்தபோது சொல்லி வைத்தது. உனக்கு இது தெரியாது. சொல்லி வைக்காமல் நமக்கு எது கிடைத்திருக்கிறது? நீ என்னிடம் எதையுமே கேட்காத பெண். முதல் தடவையாகக் கேட்டுவிட்டாள், செய்யாமல் இருக்கலாமா என்று போய் நின்றேன். அண்ணன் என்று ஒருவன் இருப்பதற்கு அதுவாவது செய்ய வேண்டாமா?

இப்போது கேள். விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'நானாகச் செய்தேன், என் தங்கைக்கு எதுவும் தெரியாது.' உன் ஜனவரிக் கடிதத்தை எரித்துவிட்டேன். நீ 'இல்லை' என்று எழுது. ஒரே வார்த்தை. கிண்டலாக எழுதினாய் என்றால் அது உண்மையும்கூட. எனக்கு வர வேண்டிய தண்டனை வந்து முடிந்துவிட்டது, அதில் கூடவோ குறையவோ போவதில்லை. நீ 'ஆம்' என்று எழுதினால்தான் நான் பொய் சொன்னவன் ஆவேன். அதற்கு வேறு சட்டம், வேறு தண்டனை.

முப்பதாம் தேதி ஞாபகம் இருக்கட்டும்.

அண்ணன்

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

இருபது நாளாக அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆம், இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்ந்த கோடு. வேறு எதையும் எழுத இடம் விடவில்லை.

நான் உன்னைத் திட்டியதெல்லாம் எனக்கே நான் சொல்லிக்கொண்டது என்று இப்போது தெரிகிறது. ஜனவரியில் அந்தக் கடிதத்தை முடித்துப் பேனாவை மூடிவிட்டேன். மறுபடி திறந்துதான் அந்த வரியைச் சேர்த்தேன். சேர்க்கும்போது சிரித்தேன், அது நிஜம். ஆனால் அந்தச் சிரிப்போடு இன்னொன்றும் இருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை போட்டால் நல்லதுதானே என்று இருந்தது. கேட்டதாகவும் இருக்கக் கூடாது, கேட்காமலும் விடக் கூடாது. அதற்குத் தோதாக ஒரு வார்த்தை கிடைத்தது, எழுதினேன். நீ புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. உன் தங்கையை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"பார்க்கலாம் என்றார்" என்று நீ எழுதியபோதும் ஒரு நிமிடம் எனக்கு உறைத்தது. உறைத்தும், என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் இல்லையா.

அதனால் 'இல்லை' என்பது பொய். 'ஆம்' என்று எழுதினால் நான் மட்டும் போனால் பரவாயில்லை, உன்னையும் இழுத்துக்கொண்டு போவேன். நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதையும் நீயே செய்துவிட்டாய். இப்போது உண்மை சொன்னாலும் உனக்கு அடி, பொய் சொன்னாலும் உனக்கு அடி. பொய் சொன்னால் எனக்கு மட்டும் இடம் கிடைக்கும். இப்படி ஒரு கணக்கில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியதற்கு உன்னை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. என்னையும்தான்.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சட்டியை இறக்கி வைத்தாள். "ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிறதுக்குப் பதிலா ஒருத்தராவது வெளிய வாங்க" என்றாள்.

இன்று 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷம், கடையில் ஒரு நகல் எடுத்தேன். பிறகு அதைக் கிழித்துவிட்டேன். தபால் பெட்டிக்குள் கையை விட்டபடி கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் ஒருவர், "போட்டாச்சாம்மா?" என்றார். போட்டுவிட்டேன்.

ஒட்டடைக்குச்சி

*

ஜூன் 10

ஒட்டடைக்குச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "கிடைச்சிருச்சு" என்று நீ சொன்னதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் நின்றவன் "என்ன ஜெனரல், அழறீங்களா" என்றான். தும்மல் என்றேன். மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடம் சும்மா நின்றிருக்கிறோம் இரண்டு பேரும்.

கிழிக்கச் சொன்னதைக் கிழித்துவிட்டேன். அதில் இருந்ததற்குப் பதில் எழுத மாட்டேன். நீ கேட்டாய், நான் செய்தேன். எந்த அர்த்தத்தில் கேட்டாய் என்பதை இனி நீ தோண்டாதே. தோண்டினால் உன்னால் அங்கே நிற்க முடியாது. போ. சந்தோஷமாகப் போ.

பேச்சுக்குச் சொல்லவில்லை, எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் காலையில் கிடங்கைத் திறந்து உள்ளே போய்ப் பல்பைப் போடும்போது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. வளைவில் லாரியைத் திருப்பும்போது பின்னால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும், அதற்கேற்ப நான் சாய்வேன். அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சில சமயம் சாய்கிறேன்.

அம்மாவுக்கு இனிமேல் நான் எழுதிக்கொள்கிறேன். நீ படி.

ஜெனரல்

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இங்கு முதல் ஆறு மாதம் பயிற்சியாளர்களின் கடிதங்கள் படித்துப் பார்க்கப்பட்ட பிறகே அனுப்பப்படும். வருகிற கடிதங்களும் அப்படியே. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

அறையில் நாலு பேர். அந்தக் கட்டில்காரி இங்கேயும் அடுத்த கட்டில்தான். காலை ஓட்டத்தில் அவள் இப்போது எனக்கு முன்னால் போகிறாள். கயிறு தினமும் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுகிறேன், உயரம் தெரிவதில்லை.

முதல் நாள் உறுதிமொழி எடுத்தோம். "எந்த நிலையிலும் உண்மைக்கு மாறாகப் பேசவோ எழுதவோ மாட்டேன்" என்று ஒரு வரி வரும். குரல் கணீரென்று இருக்கிறது என்று என்னையே முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். நான் ஒரு வரி சொல்ல, இருநூறு பேர் திருப்பிச் சொன்னார்கள். அந்த வரியை மட்டும் வாய்க்குள்ளேயே சொன்னேன். பயிற்சியாளர், "இன்னொரு தடவை, சத்தமா" என்றார். இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.

உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் இருக்கும்.

வெளியே போக ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் விடுகிறார்கள். நான் போவதில்லை. எங்கே போவது என்று தெரியவில்லை.

நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் தங்கை

*

ஆகஸ்ட் 2

தங்கச்சிக்கு,

இதை யார் முதலில் படிக்கிறாரோ அவருக்கு என் வணக்கம்.

போன வாரம் உங்கள் அகாடமிக்கு இங்கிருந்து பூட்ஸ் போயிற்று. பெட்டிகளில் நான்தான் அடுக்கினேன். உன் கால் ஏழு. ஏழாம் எண்ணில் தோல் மெத்தென்று, தையல் பிசகாமல் ஒரு நல்ல ஜோடி கையில் வந்தது. அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைக்கக் கை போனது. வைக்கவில்லை. அது இருந்த வரிசையிலேயே வைத்து மூடிவிட்டேன். யாருக்குக் கிடைக்கிறதோ கிடைக்கட்டும்.

உனக்குக் கிடைத்திருப்பது குதிகாலைக் கடித்தால் இரண்டு காலுறை போட்டுக்கொள்.

அம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டேன். எந்த அர்த்தத்தில் என்று அவளும் கேட்கவில்லை.

அண்ணன்